முன்னும் பின்னும் இல்லாத பூ

ஷிராஸ் விமான நிலையத்து வாசலில், விடியற்காலை மூன்று மணிக்கு, ஒரு காரைச் சுற்றி மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. வண்டி ஓட்டப் போகிறவன் பூனாவில் என்னோடு படித்த ஈரானிய நண்பன். பார்த்து இருபத்திரண்டு வருடமாகிறது. கூட வந்திருந்தவர் அவனுடைய அப்பா, எண்பதை நெருங்குகிறவர். முன் சீட்டில் யார் உட்காருவது என்பதுதான் சிக்கல். பெரியவர் முன்கதவைத் திறந்து பிடித்தபடி என்னை உட்காரச் சொன்னார். அந்த வயசுக்காரரைப் பின்னால் அனுப்பிவிட்டு நான் எப்படி முன்னால் உட்காருவது? பின்கதவைத் திறந்தேன். அவர் வந்து அதை மெதுவாகச் சாத்தினார். திரும்பவும் திறந்தேன். திரும்பவும் சாத்தினார். கடைசியில் நண்பன்தான் அவர் காதில் ஏதோ சொல்லி, கையைப் பிடித்து முன்னால் ஏற்றினான்.

வண்டி கிளம்பியதும் பெரியவர் பாதி திரும்பி, நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னார். "உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மன்னிக்கணும் என்கிறார்" என்றான் நண்பன். இதற்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டேன். பூவுக்கு முன்புறமும் பின்புறமும் கிடையாது என்று சொல்ல வேண்டுமாம். 'கோல் போஷ்த்-ஓ-ரூ நதாரெ.' மூன்று முறை உளறிக்கொட்டி, நான்காம் முறை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். பெரியவர் மகனிடம் என்னவோ சொல்லிச் சிரித்தார். அடுத்த பத்து நாளும் அந்த வீட்டில் எனக்கு என்ன நடக்கப்போகிறது என்பது இந்த முன் சீட்டுச் சண்டைக்குள்ளேயே அடங்கியிருந்தது. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

இதற்குப் பாரசீகத்தில் ஒரு பெயர் இருக்கிறது: தஆரொஃப். ஈரானில் ஒருவர் வீட்டுக்குப் போகிற யாரும் இந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ளாமல் திரும்ப முடியாது. அரபியிலிருந்து வந்த சொல். வேரில் அதற்கு 'ஒருவரையொருவர் அறிந்துகொள்வது' என்று பொருள். இன்றைய புழக்கத்தில் உபசாரம், மரியாதை, முகமன், வற்புறுத்தல், மறுத்தல் எல்லாம் இதற்குள் அடங்கும். நமக்கு இது முழுக்கப் புதிதும் இல்லை. கல்யாணப் பந்தியில் சம்பந்திகள் இரண்டு பேர் இலைக்கு முன்னால் நின்றுகொண்டு "நீங்க முதல்ல உட்காருங்க", "அதெப்படி, நீங்க உட்காருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்களே, பின்னால் சாம்பார் வாளியோடு ஒருவர் காத்து நிற்பாரே, அதே சங்கதிதான். நம்மூரில் அது கல்யாண மண்டபத்தோடு முடிந்துவிடும். அங்கே கடையில், டாக்ஸியில், லிஃப்ட் வாசலில், தொலைபேசியில் என்று நாள் முழுக்க நடக்கிறது. அதற்கென்று ஒரு இலக்கணமும் இருக்கிறது.

அந்த இலக்கணத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நாம் பழைய கடிதங்களில் 'அடியேன்', 'தேவரீர்' என்று எழுதுவோமில்லையா? பாரசீகத்தில் இன்றும் பேச்சிலேயே 'நான்' என்பதற்குப் பதிலாக 'பந்தெ' என்று சொல்வார்கள். பொருள், அடிமை, அதாவது அடியேன்தான். வினைச்சொல்லும் ஆளுக்குத் தகுந்தபடி மாறும். நான் ஒன்றைச் சொன்னால் அது விண்ணப்பம். அதையே நீங்கள் சொன்னால் அது ஆணை. "வாங்க", "உட்காருங்க", "சாப்பிடுங்க", "முன்னால போங்க", "என்ன வேணும்" எல்லாவற்றுக்குமாக அங்கே ஒரே சொல் ஓடுகிறது: பெஃபர்மாயீத். நேர்ப்பொருள், 'ஆணையிடுங்கள்'. வில்லியம் பீமன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ஈரானியரின் பேச்சில் மொழியும் அந்தஸ்தும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று 1986-ல் ஒரு புத்தகமே எழுதினார். மற்ற ஊர்களில் மேலே ஏறுவதற்குப் போட்டி என்றால், இங்கே கீழே இறங்குவதற்குப் போட்டி என்பது அவர் கவனித்த விஷயம். விமான நிலையத்தில் நாங்கள் பின் சீட்டுக்கு அடித்துக்கொண்டதை நினைத்துப் பாருங்கள்.

இனி, வெளியூர்க்காரர் எல்லோரும் முதலில் வழுக்கி விழுகிற இடத்துக்கு வருவோம். டாக்ஸியில் இறங்கி எவ்வளவு என்று கேட்டால் ஓட்டுநர் "காபெலி நதாரெ" என்பார். 'உங்கள் தகுதிக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா' என்று அர்த்தம். ரொட்டிக் கடைக்காரரும் இதைத்தான் சொல்வார், செருப்புத் தைப்பவரும் இதைத்தான் சொல்வார். நன்றி சொல்லிவிட்டுப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் ஓட்டுநர் பின்னாலேயே வருவார். "இல்லையில்லை, சொல்லுங்கள்" என்று ஒருமுறையோ இருமுறையோ கேட்க வேண்டும். பிறகு தொகை வரும். (அந்தத் தொகையிலும் ஒரு பொடி இருக்கிறது. நான் போனபோது நோட்டில் அச்சடித்திருந்தது ரியால், வாயில் புழங்கியது தொமான். பத்து ரியால் ஒரு தொமான். ரியாலில் எழுதியிருந்ததையும் தொமான் என்று நினைத்து நான் முதல் இரண்டு நாள் பத்து மடங்கு கொடுக்கப் பார்த்தேன். ஒருத்தர்கூட அதை வாங்கிக்கொள்ளவில்லை.)

இந்த டாக்ஸிக் கதையைக் கேட்டவுடன் நம் ஆட்கள் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருவார்கள். ஒன்று, "வெறும் வாய் உபசாரம், அத்தனையும் பொய்". மற்றது, "சரி, மூன்று தடவை மறுக்கணும், நாலாவது தடவை வாங்கிக்கணும், அவ்வளவுதானே". இரண்டாவதைப் பயண வழிகாட்டிப் புத்தகங்களே சொல்லிக்கொடுக்கின்றன. நானும் விமானத்தில் அதைப் படித்துவிட்டுத்தான் போனேன். முதல் நாள் காலையில் நண்பனுடைய அம்மா எதை நீட்டினாலும் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு முடிவுமே தப்பு. ஏன் தப்பு என்பதில் கொஞ்சம் நின்று போக வேண்டும்.

அதை எனக்குப் புரியவைத்தது ஒரு முறுக்கு டின். மூன்றாம் நாள் ராத்திரி, மொட்டை மாடியில், நண்பன் அந்தப் பேச்சை எடுத்தான். "பூனாவில் முதல் வாரம். உன் அறைக்கு வந்தேன். உன் அம்மா கொடுத்தனுப்பிய டின்னைத் திறந்து நீட்டினாய், ஞாபகம் இருக்கா?" எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. "வேண்டாம் என்றேன். நீ சரியென்று மூடி போட்டு அலமாரியில் வைத்துவிட்டாய்." அவனுக்கு அப்போது பத்தொன்பது வயசு. மெஸ் சாப்பாடு இறங்காமல் இரண்டு நாளாக வாழைப்பழத்தில் ஓட்டிக்கொண்டிருந்தானாம். நான் இரண்டாவது தடவை கேட்பேன் என்று அரை மணி நேரம் அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். "உனக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனேன்" என்றான். ஒரு மாதத்தில் அவனே பாடம் கற்றுக்கொண்டு, நீட்டுவதற்கு முன்னாலேயே எடுக்க ஆரம்பித்ததும், விடுதி முழுக்க அதற்காக அவனைக் கேலி செய்ததும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இதில் அவன் பொய் சொன்னானா? பசித்தது, வேண்டாம் என்றான். மேலுக்குப் பார்த்தால் பொய்தான். அவன் பக்கத்திலிருந்து பார்ப்போம். நீட்டுகிறவன் வேற்றூர்ப் பையன்; வீட்டிலிருந்து வந்தது ஒரே ஒரு டின்; எத்தனை நாளைக்கு வைத்திருக்கிறானோ தெரியாது. நீட்டியவுடன் எடுத்தால், 'இவன் மரியாதைக்கு நீட்டினானா, மனசோடு நீட்டினானா' என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். ஆகவே முதல் 'வேண்டாம்' என்பதன் அர்த்தம், "உனக்குச் சிரமம் வேண்டாம், நிஜமாகவே கொடுக்க விருப்பமில்லையென்றால் இப்போதே விட்டுவிடலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்" என்பது. கொடுப்பவர் விலகிக்கொள்ள ஒரு வாசலைத் திறந்து வைக்கிறான். அந்த வாசல் வழியாக வெளியேறாமல் மறுபடி நீட்டுபவர் நிஜமாகவே கொடுக்கிறார். நான் என்ன செய்தேன்? திறந்த வாசல் வழியாக, முறுக்கு டின்னோடு, கம்பீரமாக வெளியே போய்விட்டேன்.

வீட்டுக்காரர் நிலையிலிருந்தும் பார்க்க வேண்டும். எதிர்பாராமல் ஒருவர் வந்திருக்கிறார். வீட்டில் சோறு இருக்கிறதோ இல்லையோ, "சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லாவிட்டால் வந்தவரை மதிக்கவில்லை என்றாகிவிடும். வந்தவரும் உடனே சரியென்று சொல்ல முடியாது. சொன்னால், இல்லாத சோற்றை எங்கிருந்து கொண்டுவருவார்கள்? முதல் சுற்றில் இரண்டு பேரும் மரியாதையை மட்டும் பரிமாறிக்கொள்கிறார்கள். தகவல் அதற்கடுத்த சுற்றில்தான் வருகிறது. பழைய வால்வு ரேடியோவில் இலங்கை வானொலியைப் பிடித்த அனுபவம் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதலில் வருவது கரகரப்பு. முள்ளை அப்படியும் இப்படியும் நகர்த்த நகர்த்தத்தான் பாட்டு தெளியும். அந்தக் கரகரப்பைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

எண்ணிக்கை உதவாது என்பதும் இதனால்தான். எத்தனை தடவை கேட்டார்கள் என்பதைவிட, ஒவ்வொரு தடவையும் கூடுதலாக என்ன சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்பது வணக்கம் சொல்வதைப் போல. "வெள்ளிக்கிழமை மத்தியானம் வாங்க" என்றால் அடுப்பு கொஞ்சம் சூடாகிவிட்டது என்று பொருள். "வெள்ளிக்கிழமை மத்தியானம், நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், உங்களுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டால் கத்தரிக்காயே வாங்கியாகிவிட்டது. இதற்கு மேலும் மறுத்துக்கொண்டிருந்தால்தான் மரியாதைக் குறைவு. நான் எண்ணுவதை விட்டுவிட்டு இப்படிக் காது கொடுக்க ஆரம்பித்த பிறகு பெரும்பாலும் சரியாகவே போயிற்று.

வெறும் வாய் உபசாரமே கிடையாதா என்றால், உண்டு. அதற்கு ஈரானியர்களே தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்: ஷா அப்தொல் அஸீமித் தஆரொஃப். தெஹ்ரானுக்குத் தெற்கே ரேய் என்ற பழைய ஊரில் ஷா அப்தொல் அஸீம் தர்கா இருக்கிறது. தெஹ்ரானிலிருந்து அங்கே 1888-ல் ஒரு சின்ன ரயில் ஓட ஆரம்பித்தது. ஈரானியர் அதற்கு வைத்த பெயரும் நாம் வைத்ததேதான், புகைவண்டி. மாஷீன் தூதி என்பார்கள். தரிசனத்துக்கு வந்தவர்கள் திரும்புவதற்கும் சேர்த்தே டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்களாம். அதைத் தெரிந்துகொண்டு உள்ளூர்க்காரர்கள், ரயில் கிளம்புகிற நேரமாகப் பார்த்து, "ராத்திரி தங்கிவிட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடித்து இழுப்பார்களாம். தங்க மாட்டார்கள் என்பது தெரிந்தே இழுப்பது. இப்படித்தான் அந்தப் பெயர் வந்தது என்று சொல்கிறார்கள். ரேய் ஊர்க்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்று நான் விசாரிக்கவில்லை. நம்மூரிலும் பஸ் நகர்ந்த பிறகு "இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கலாமே" என்று சொல்லும் உறவினர்கள் இருக்கிறார்கள் என்பதால் எனக்கு அது வேற்றூர்க் கதையாகவும் படவில்லை.

இன்னொரு பழமொழியும் உண்டு. தஆரொஃபுக்கு வருவதும் உண்டு, வராததும் உண்டு என்பார்கள். அதாவது, மரியாதைக்குக் கூப்பிட்டால் எதிராளி நிஜமாகவே வந்து உட்கார்ந்துவிடலாம், ஜாக்கிரதை. இதை நான் நடத்தியே காட்டினேன். ஷிராஸில் கவிஞர் ஹாஃபெஸின் சமாதி இருக்கும் தோட்டத்துக்கு ஒரு மாலை போயிருந்தோம். அங்கே ஃபாலூதெ விற்பார்கள். சேமியா மாதிரி மெல்லிய மாவிழைகளைச் சர்க்கரைப் பாகில் உறையவைத்து, எலுமிச்சைச் சாறு விட்டுத் தருவது. நண்பன் அதை வாங்கப் போன நேரத்தில், புல்தரையில் விரிப்புப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் என்னைப் பார்த்து "பெஃபர்மாயீத்" என்றது. ஈரானில் கையில் சாப்பாட்டோடு இருப்பவர், எதிரில் வருகிறவரிடம் இதைச் சொல்லாமல் ஒரு கவளம் வாயில் வைக்க மாட்டார். "நூஷெ ஜான்", அதாவது உயிருக்கு அமுதமாகட்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அரை வினாடி அமைதி. பிறகு அந்த வீட்டுப் பாட்டி தன் தட்டைத் துடைத்து என் முன்னால் வைத்தார். நண்பன் இரண்டு கிண்ணம் ஃபாலூதெயோடு வந்து, என்னைக் கண்டுபிடித்து, அவர்களிடம் ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்டு, கடைசியில் அவனும் உட்கார்ந்தான். எழுந்துவர ஒன்றரை மணி நேரமாயிற்று.

இப்போது வீட்டுக்குள் போவோம். வாசலில் யார் முதலில் நுழைவது என்று ஒரு சுற்று நடக்கும். விருந்தாளியைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்பதால் ஒரு மறுப்போடு ஒத்துக்கொள்வது நல்லது. செருப்பை வெளியே விட வேண்டும். உட்கார்ந்ததும் ஆளுக்கொரு தட்டும் சின்னக் கத்தியும் வரும், பின்னால் ஒரு மலையளவு பழம். அந்த மலையில் ஆப்பிளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே வெள்ளரிப் பிஞ்சு இருக்கும். அங்கே வெள்ளரி பழத்தோடு சேர்த்தி. நாம் எடுக்கத் தயங்கினால் வீட்டுக்காரரே உரித்து, உப்புத் தூவி, நம் தட்டில் வைத்துவிடுவார். வாதாடி மறுத்துக்கொண்டிருக்கும்போதே தட்டு நிறைந்துவிடும். ஆஜீல் என்று பிஸ்தா, பாதாம், பூசணி விதையெல்லாம் கலந்த கிண்ணம் ஒன்றும் பக்கத்தில் இருக்கும். இதுதான் சாப்பாடு என்று நினைத்து வயிற்றை நிரப்பிக்கொள்ளக் கூடாது. ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கோ பத்துக்கோ வரும். முதல் நாள் நான் பிஸ்தாவிலேயே முடித்துவிட்டேன்.

தேநீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸமோவரில் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்கும். அதன் தலைமேல் ஒரு சின்னக் கெண்டியில் டிக்காஷன். நம் ஃபில்டர் காபிக்கு டிக்காஷன் இறக்கி வைப்பது போலத்தான். கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் டிக்காஷன் விட்டு, வெந்நீரால் நிரப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். ஸ்ட்ராங்கா லைட்டா என்று நாம் கேட்பதை அவர்கள் நிறத்தால் கேட்கிறார்கள்: நிறம் கூடவா, குறைவா? பால் கிடையாது. சர்க்கரையைக் கலக்கவும் மாட்டார்கள். கெட்டியான சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு அதன் வழியே தேநீரை உறிஞ்சுவார்கள். அந்தக் கட்டிக்குப் பெயர் கந்த். நம் கற்கண்டில் இருக்கும் கண்டும் இந்தக் கந்தும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து வந்தவை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் குல்கந்து அப்படியே பாரசீகம். கோல் என்றால் பூ, இங்கே ரோஜா; கந்த் என்றால் சர்க்கரை. தேயிலையுமே நம் பக்கத்திலிருந்து போனதுதான். இந்தியாவில் ஈரானின் கான்சலாக இருந்த காஷெஃப் அல்-ஸல்தனெ என்ற இளவரசர், 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இமயமலை அடிவாரத்துக் காங்ராவிலிருந்து நாற்றுகளைக் கொண்டுபோய்க் காஸ்பியன் கடலோரத்து லாஹிஜானில் நட்டார். அவரைப் புதைத்த இடமே இன்று தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. தம்ளர் காலியானால் கேட்காமலே நிரப்புவார்கள். போதும் என்றால் காலி செய்யாமல் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட வேண்டும். இது எனக்கு ஐந்தாவது தம்ளரில்தான் பிடிபட்டது.

சாப்பாட்டுக்குத் தரையில் சொஃப்ரெ என்ற விரிப்பைப் போட்டார்கள். நண்பனின் அம்மா ஷிராஸ் பாணி கலம் போலோ செய்திருந்தார்: முட்டைக்கோஸும் வாசனைத் தழைகளும் கோலிக்குண்டு அளவுக் கறி உருண்டைகளும் சேர்ந்த சோறு. பானையின் அடியில் பொன்னிறமாக முறுகிய காந்தலுக்குத் தஹ்தீக் என்று பெயர். நம் வீட்டில் காந்தலைச் சுரண்டித் தின்பது பிள்ளைகளும் பாட்டிகளும். அங்கே அதுதான் விருந்தாளிக்கு வைக்கும் முதல் மரியாதை. சமைத்தவரிடம் வெறுமனே நன்றி என்று சொல்வதில்லை. "உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும்" என்பார்கள். அதற்குப் பதில், "உங்கள் தலை வலிக்காமல் இருக்கட்டும்". இந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் கற்றுக்கொண்டு போனால் எந்த ஈரானியச் சமையலறையிலும் ஒரு வாரம் ஓட்டிவிடலாம் என்பது என் கணிப்பு.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த வீட்டில் எதையும் வாய்விட்டுப் புகழ்ந்துவிடாதீர்கள். அலமாரியில் காத்தம் வேலைப்பாடு செய்த பெட்டி ஒன்று இருந்தது. மரம், எலும்பு, பித்தளைக் கம்பி எல்லாவற்றையும் நூல் நூலாக இழைத்து நட்சத்திரக் கோலமாகப் பதிக்கும் கைவேலை, ஷிராஸுக்குப் பேர்போனது. அழகாக இருக்கிறதே என்றேன். பெரியவர் அதை எடுத்துவந்து என் மடியில் வைத்து "பீஷ்கெஷ்" என்றார். உங்களுக்கே சமர்ப்பணம் என்று அர்த்தம். இந்தச் சொல்லை நான் முன்பே படித்திருக்கிறேன், ஈரானைப் பற்றிய புத்தகத்தில் அல்ல, நம் பாளையக்காரர்களைப் பற்றிய வரலாற்றில். ஆர்க்காட்டு நவாபுக்கும் பிறகு கம்பெனிக்கும் பாளையங்கள் கட்டிய கப்பத்தைப் பேஷ்குஷ் என்பார்கள். அதே சொல்தான். இங்கே ஷிராஸில் எண்பது வயசுக்காரர் கப்பம் கட்டிக்கொண்டிருக்க, நான் நவாபு மாதிரி மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வர நானும் அவரும் எத்தனை சுற்று போனோம் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பழைய சிநேகிதர்களுக்குள்ளும் இதெல்லாம் உண்டா? பூனாவில் ஒரே சோப்பை இரண்டாகக் கீறிப் போட்டுக்கொண்டவர்கள் நாங்கள். முதல் நாளே அவன் "நமக்குள் தஆரொஃப் வேண்டாம்" என்று அறிவித்துவிட்டான். அதன்படி, துணி துவைப்பது, யார் எப்போது தூங்குவது, எதைப் பார்க்கப் போவது, இதிலெல்லாம் நேர்ப்பேச்சுத்தான். ஆனால் ஓட்டலில் பில் வந்ததும் அந்த ஒப்பந்தம் காற்றில் பறந்தது. நான் கைகழுவப் போகிற சாக்கில் கல்லாவுக்குப் போனால், அவன் உள்ளே நுழைந்தபோதே கல்லாக்காரரிடம் சொல்லிவைத்திருந்தான். இது நம்மூர்த் தந்திரமும்தான் என்பதால் கடைசி நாள் ஒருமுறை ஜெயித்தேன். அவன் அன்று ராத்திரி வரை சரியாகப் பேசவில்லை. சிநேகிதத்தில் தஆரொஃப் முழுக்கப் போய்விடுவதில்லை. யார் யாருக்குக் கடன்பட்டிருப்பது என்ற ஒரு மூலையில் போய் ஒண்டிக்கொள்கிறது.

அந்தக் கடனுக்கும் ஒரு வழிமுறை உண்டு. தீத்-ஓ-பாஸ்தீத் என்பார்கள், போய்ப் பார்ப்பது, அவர்கள் திரும்ப வந்து பார்ப்பது. மார்ச் 20, 21 வாக்கில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டில், பதின்மூன்று நாள் விடுமுறையில் பெரும்பகுதி இதிலேயே கழிகிறது. முதலில் சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போவார்கள். பிறகு பெரியவர்கள் திரும்ப வருவார்கள். ஒரு பக்கம் போய் மறுபக்கம் வராவிட்டால் கணக்கு முடியாது. நான் வந்துவிட்டேன் என்பதால் அந்தப் பெரியவர் தாம் எங்கள் ஊருக்கு வரவேண்டிய முறை பாக்கி என்று அடிக்கடி சொன்னார். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏற முடியாதவர். எங்கள் ஊரில் மாடிப்படி இருக்குமா, வெயில் எப்படி, எந்த மாதம் வரலாம் என்றெல்லாம் கேட்டார். மேலே சொன்ன கத்தரிக்காய்க் கணக்கை வைத்துப் பார்த்தால், அது வாய் வார்த்தை இல்லை.

கிளம்புகிற அன்று விடைபெறவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கூடத்தில் ஒருமுறை, மாடிப்படியில் ஒருமுறை, வாசலில் ஒருமுறை. பிஸ்தா டப்பா, உலர்ந்த எலுமிச்சை, ஒரு பொட்டலம் குங்குமப்பூ எல்லாம் பெட்டியில் ஏறின. காத்தம் பெட்டி ஏறவில்லை என்று நினைத்திருந்தேன். ஊருக்கு வந்து பார்த்தால் சட்டைகளுக்கு நடுவே இருந்தது. நண்பனின் அம்மா குர்ஆனை உயர்த்திப் பிடிக்க, அதன் கீழே குனிந்து வெளியே வந்தேன். பயணம் போகிறவருக்கு அங்கே செய்வது. பெரியவர் முழங்கால் வலியால் விமான நிலையத்துக்கு வரவில்லை. அதனால் இந்த முறை முன் சீட்டு எனக்குத்தான். நண்பன் வண்டியை எடுத்தான். சன்னலை இறக்கி, வாசலில் நின்ற இருவரையும் பார்த்து, "உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறேன், மன்னிக்கணும்" என்று பாரசீகத்தில் சொன்னேன். பெரியவர் நெஞ்சில் கையை வைத்து எதையோ சொன்னார். அதற்குள் அம்மா கிண்ணத்துத் தண்ணீரை வண்டிக்குப் பின்னால் வீசிக் கொட்டியிருந்தார், போனவர் சீக்கிரம் திரும்பட்டும் என்று. அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது காதில் விழவில்லை. என்னவாக இருக்கும் என்பதுதான் தெரியுமே.